லொத்தர் முதல் போன் பந்தயம் வரை: மலையகத்தில் எது சட்டப்படி, எது இல்லை?

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லொத்தர், அதாவது பரிசுச் சீட்டு, விற்பது குற்றமில்லை. அதே தெருவோரத்தில் நாலு பேர் உட்கார்ந்து காசு வைத்துச் சீட்டாடினால் பொலிஸ் பிடிக்கும். கொழும்பில் கசினோவுக்குப் போனால் வாசலிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். பணக்காரனுக்கு ஒரு சட்டம், தேயிலைத் தோட்டத்தானுக்கு ஒரு சட்டமா என்று நம் ஆட்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் இந்த மூன்றையும் பிரிக்கும்போது மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது. எங்கே நடக்கிறது? யார் நடத்துகிறார்? அவருக்கு அரசின் அனுமதி இருக்கிறதா?

இந்தக் கோட்டை முதலில் போட்டது 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம். தெரு, பாதை, பொதுமக்கள் வந்து போகும் இடம், இதற்கென்றே நடத்தப்படும் இடம் ஆகியவற்றில் பந்தயம் கட்டுவதும் காசு வைத்து ஆடுவதும் அந்தச் சட்டத்தில் குற்றம். பண்டிகைக்கு உறவினர்கள் வீட்டுக்குள் தங்களுக்குள்ளே ஆடுவதை அது குறிவைக்கவில்லை. யாரும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் வீட்டுக்காரர் பங்கு எடுக்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இது முக்கியம். தீபாவளி முற்பணம் வரும் வாரத்தில் காம்பராவில் (லயத்து அறையில்) தொடங்கும் ஆட்டம் ராத்திரிக்குள் வெட்டவெளிக்கு வந்துவிடும்; காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களமோ தோட்டத்து ரோட்டோ யாருடைய வீடும் இல்லை. சேவல் சண்டையோ, காசு வைத்தாலும் வைக்காவிட்டாலும் தடைதான்.

குதிரைப் பந்தயம் தனிப் பாதையில் வந்தது. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குக் குதிரை ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நகரத்துப் புக்கி கடைகளில், அதாவது பந்தயம் கட்டும் கடைகளில், பெரும்பாலும் ஓடுவது வெளிநாட்டு ரேஸ்தான். 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கப் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டப்படி புக்கிகளும் கசினோக்களும் அரசுக்கு ஆண்டுதோறும் அறவீடு கட்ட வேண்டும். 2023 முதல் ஒரு கசினோவுக்கு அந்தத் தொகை 50 கோடி ரூபா. மொத்த வசூலிலும் ஒரு பங்கு போகும். 15 வீதமாக இருந்த அதை 2025 திருத்தம் 18 வீதமாக்கியது. கசினோவுக்குள் போகும் இலங்கையரிடம் வாங்கும் நுழைவு அறவீட்டையும் 50 டொலரிலிருந்து 100 டொலராக்கியது. உள்ளூர் ஆட்களை வாசலிலேயே தயங்க வைக்கத்தான் இந்தக் கட்டணம். புக்கி கடைக்கு அப்படி வாசல் கட்டணம் எதுவும் இல்லை. மத்தியானம் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வரும் பையன் நேரே உள்ளே போகலாம். என் பார்வையில் இது பெரிய ஓட்டை.

கிரிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தை முன்கூட்டியே பேசி முடிப்பதும், பந்தயத்துக்காக உள்விவரம் கொடுப்பதும் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் 2025. அந்த ஆண்டு ஓகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1889 இன் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டம், 2010 இன் கசினோச் சட்டம் ஆகிய மூன்றையும் நீக்கி, எல்லாவற்றையும் ஒரே அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவதே நோக்கம். லொத்தர் இதற்குள் வராது. நமக்கு இதில் பெரிய விஷயம், இணையவழிச் சூதாட்டமும் இந்த அதிகாரசபையின் கைக்கு வருவதுதான். 1889 இல் சட்டம் எழுதியவர்கள் நினைத்தது ஓர் இடத்தை. ஒரு வீட்டை, ஒரு மேசையைப் பொலிஸ் சோதனை போடலாம். போனுக்குள் நடப்பதை அந்தச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

இன்றைக்குத் தோட்டத்தில் உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது. வட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வரும். முதல் 500 ரூபாவுக்கு 900 கிடைக்கும். அடுத்து 5,000 போடுவார்கள். கணக்கில் ஜெயித்த காசு தெரியும், ஆனால் எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டு" என்று இன்னும் காசு கேட்பார்கள். இந்த ஆப்களை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. அனுமதி பெற்ற புக்கி உங்களை ஏமாற்றினால் போய் நிற்க ஒரு கடையாவது இருக்கும். இங்கே எதுவும் இல்லை. இழந்ததைப் பிடிக்கிறேன் என்று போன் கடனும் நுண்கடனும் எடுத்து, கடைசியில் அம்மாவின் தோடு அடகுக்குப் போன குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் இதைச் சொல்லிக் கொடுங்கள்: காசை எடுக்க முதலில் காசு கட்டச் சொல்பவன் மோசடிக்காரன். உடனே கட்டுவதை நிறுத்துங்கள். அனுப்பிய ரசீது, வந்த மெசேஜ், வங்கிக் கணக்கு இலக்கம் எதையும் அழிக்காமல் வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போட வேண்டாம். வழக்குக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இனி லொத்தர். இதை நடத்துவது அரசே. தேசிய லொத்தர் சபை 1963 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் வந்தது. அதன் வருமானம் அரசின் பொதுப் பணமான திரட்டு நிதிக்குப் போகிறது. அபிவிருத்தி லொத்தர் சபைக்கு 1997 இல் தனிச் சட்டம் வந்தது. அதன் பணம் ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல நிதிக்கும் போகிறது. பல்கலைக்கழகம் போகும் நம் பிள்ளைகள் வாங்கும் மகாபொல உதவித்தொகை இதுதான்.

ஒரு சீட்டு 40 ரூபா ஆனது 2023 இல். ஒரு நாளைக்கு 5 வாங்கினால் மாதம் 6,000 ரூபா. 2024 இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால் நாலு நாள் மலை ஏறிப் பறித்ததும் அதற்கு மேலும் போய்விடும். பரிசு விழுந்தால், சீட்டின் பின்னால் உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் உடனே எழுதுங்கள். பெரிய தொகையென்றால் வேறு யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே சபைக்குப் போங்கள். பரிசு 5 லட்சத்தைத் தாண்டினால் 14 வீத வரி கழியும். அது முறைப்படியான கழிவு, அந்தப் பரிசிலிருந்தே கழித்துவிட்டுத் தருவார்கள். முன்கூட்டி உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.

சீட்டு வாங்குகிறவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் ஒரு விஷயம். இந்தப் பணம் போகும் ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவற்றுக்கு உதவி கொடுக்கிறது. முன்பெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்ததால் தோட்டத்து ஆட்கள் பலர் விண்ணப்பிக்கவே இல்லை. 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடனே போய் விசாரியுங்கள், முடிந்த பிறகு போகலாம் என்று விட வேண்டாம். அடையாள அட்டை, டொக்டரின் கடிதம், ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீடு, சம்பளத் துண்டு ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வேறு என்ன ஆவணம் தேவை என்பதை அங்கேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.