மழையைக் குடித்துவிடும் மலை

தென் ஸ்பெயினின் ஆண்டலூசியா வெயிலுக்குப் பேர்போன நிலம். அங்குள்ள செவில் நகரில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். ஆனால் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய கிராசலேமா என்ற மலையூரில் சுமார் 2,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது.

அட்லாண்டிக்கிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்றுக்கு எதிரே முதலில் எழுந்து நிற்கும் பெரிய சுவர் இந்த மலைத்தொடர்தான். இதன் உச்சி 1,648 மீட்டர். சரிவில் முட்டிய காற்று வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் அத்தனை நீராவியும் தங்க முடியாது. மேகம் திரண்டு அங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது.

எனக்கு வியப்பு மழையில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில்தான். இவ்வளவு பெய்தும் மலைமேல் ஓடைகள் அரிது. காரணம், சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் மயிரிழை வெடிப்புகளை அரித்து, பல லட்சம் ஆண்டுகளில் அவற்றைக் குழிகளாகவும் குகைகளாகவும் அகலப்படுத்திவிட்டது. விழுந்த நீர் அவற்றின் வழியே உள்ளே போய்விடுகிறது. கதுவாரெஸ் என்ற ஆறே உண்டிதேரோ குகை வாயில் நுழைந்து, நான்கு கிலோமீட்டருக்கு மேல் இருட்டில் ஓடி, ‘பூனைக் குகை’ என்று பொருள்படும் கட்டோ குகையில் வெளியே வருகிறது.

இதை மனிதர்கள் பெரும் செலவில் கற்றுக்கொண்டார்கள். மின்சாரம் எடுக்க 1920களில் மொந்தெஹாக்கே ஊரருகே அந்த ஆற்றின் குறுக்கே உயரமான அணை கட்டினார்கள். அணை உறுதியாகத்தான் நின்றது, இன்றும் நிற்கிறது. தேக்கிய நீரோ சுற்றியிருந்த பாறை வழியாகக் கசிந்து குகைக்குள் இறங்கிவிட்டது. அடைத்துப் பார்த்தும் பலனில்லாமல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இப்படிப்பட்ட மலையில் குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஃபர் எப்படி வாழ்கிறது? பின்சாப்போ என்று அழைக்கப்படும் இந்த ஃபர் வகை, ஸ்பெயினில் தெற்கே உள்ள மூன்று மலைத்தொடர்களில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் எட்மண்ட் புவாசியே 1838இல் அதை உலகுக்கு விவரித்தார். பூமி குளிர்ந்திருந்த காலத்தில் ஃபர் காடுகளுக்கு இங்கே தாராளமாக இடமிருந்தது. வெப்பம் கூடியபோது அவை மெல்ல மேலே ஒதுங்கின. இங்கே அவற்றுக்குப் புகலிடம் வடக்குப் பார்த்த செங்குத்துச் சரிவு. வெயில் அங்கே சாய்வாகவே விழுவதால் ஈரம் சீக்கிரம் உலர்வதில்லை.

ஒரு கிளையை அருகே பார்த்தால் மரத்தின் சிக்கனம் புரியும். குட்டையான, விறைத்த ஊசியிலைகள் புட்டி கழுவும் பிரஷ் போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நீர் ஆவியாகாமல் தடுக்கும் மெழுகுப் பூச்சு. மழையே இல்லாத கோடையில் மரம் வளர்ச்சியை நிறுத்திவிட்டுப் பொறுத்திருக்கிறது.

நிழலை நம்பி இந்த மரம் வாழ்கிறது என்றால், வெயிலை நம்பி வாழ்கிறது கிரிஃபோன் என்ற பிணந்தின்னிக் கழுகு. காலையில் பாறை சூடேறி வெங்காற்று எழும்வரை கார்கந்தா வெர்தே பள்ளத்தாக்கின் விளிம்புகளில் அது காத்திருக்கும். இரண்டரை மீட்டர் அகலச் சிறகை விரித்து அந்தக் காற்றில் ஏறிவிட்டால் பிறகு சிறகடிக்க வேண்டிய தேவையே அதிகமில்லை.

பின்சாப்போவுக்கு அந்த வசதி இல்லை, நின்ற இடத்தைவிட்டு நகர முடியாது. தீயில் கருகினால் அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கவும் அதற்குத் தெரியாது. 1984இல் இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த மலையில், பின்சாப்போ காட்டுப் பாதையில் நடக்க முன் அனுமதி வேண்டும், கோடையில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அது சரியான கண்டிப்பு என்றே நினைக்கிறேன். இலையுதிர்காலத்தில் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும் கூம்புகள் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்கின்றன. சிறகு முளைத்த விதைகள் சுழன்று இறங்குகின்றன. அவற்றுள் நிழலில் பாசி படர்ந்த கல்லிடுக்கு கிடைத்தவைதான் முளைக்கும்.