இருமினால் கசியும் சிறுநீர்: அறுவை சிகிச்சை எதைச் சரிசெய்கிறது?

இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சில சொட்டு சிறுநீர் கசிந்துவிடுகிறது. 'பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்' என்று நாப்கின் வைத்துக்கொண்டே பல பெண்கள் வருடங்களைத் தள்ளுகிறார்கள். அப்படித் தள்ளவே வேண்டாம்.

தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயை மிதித்துப் பாருங்கள். சிமெண்டுத் தரையில் கிடந்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் கிடந்தால் குழாய் அமிழுமே தவிர அடைபடாது. சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் உள்ள தசையும் சவ்வும்தான் அந்தத் தரை. இருமும்போது வயிற்றிலிருந்து இறங்கும் அழுத்தம்தான் மிதிக்கிற கால். 1994-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் டெலான்சி தந்த விளக்கம் இது. பிரசவத்தில் அந்தத் தரை தளர்ந்துவிடுகிறது.

முதலில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை, அதாவது சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்துவதை, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். பலருக்கு அதுவே போதும். போதாதவர்களுக்குத்தான் அறுவை சிகிச்சை.

1961-ல் பர்ச் என்ற மருத்துவர் குழாயின் இரு பக்கமும் உள்ள யோனிச் சுவரை மேலே தூக்கி, முன் இடுப்பெலும்பை ஒட்டிய தசைநாரோடு தைத்தார். இன்னொரு முறையில், நோயாளியின் வயிற்றுச் சுவரிலிருந்தே ஒரு சவ்வுப் பட்டையை எடுத்துக் குழாயின் அடியில் தூளிபோலக் கட்டுகிறார்கள். இரண்டையும் 655 பெண்களிடம் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. சவ்வுத் தூளி கசிவை நன்றாகத் தடுத்தது. ஆனால் சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டவர்களும் அதில்தான் அதிகம்.

1996-ல் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் ஒரு சென்டிமீட்டர் அகல பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலை நாடாவைக் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே வைத்தார். இழுத்துக் கட்டவில்லை, தளர்வாகவே விட்டார். வைத்த இடம் மட்டும் மரத்திருக்க, நோயாளியை மேசையிலேயே இருமச் சொல்லி, கசிவு நிற்கும் அளவுக்கு நாடாவைச் சரிசெய்தார்! பிறகு வலைக் கண்களுக்குள் திசு வளர்ந்து நாடாவைப் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் பிடிமானமே சிலருக்கு வினையானது. நாடா யோனிச் சுவரை அரித்து வெளியே வந்தாலோ, தீராத வலி கொடுத்தாலோ, திசுவோடு பின்னிப்போனதை முழுதாக எடுப்பது கடினம். பாதிக்கப்பட்ட பெண்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் இங்கிலாந்து இந்த நாடா வைப்பதை நிறுத்திவைத்தது. வலை வைக்கிறார்களா, சொந்தச் சவ்வா என்று மேசையில் படுப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது பெண்ணின் உரிமை.

குழாய்ச் சுவருக்குள் ஜெல்லை ஊசியால் ஏற்றிப் பருமனாக்கும் எளிய வழியும் உண்டு. பலன் நாளடைவில் குறையும். திரும்பப் போட வேண்டிவரலாம்.

திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்தால் அது வேறு கோளாறு. சிறுநீர்ப்பைத் தசை தானாகச் சுருங்குவதால் வருவது. அதற்கு நாடா மருந்தாகாது. எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது என்று மூன்று நாள் எழுதிவைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.