மிலிட்டன்ட்: 'தீவிரவாதி'யா, 'ஆயுததாரி'யா?

லத்தீனில் 'மிலெஸ்' என்றால் படைவீரன். அந்த வேரில் பிறந்ததுதான் 'மிலிட்டன்ட்' (militant) என்ற ஆங்கிலச் சொல். ஆயுதத்தையே தொடாத, முனைப்பான தொழிற்சங்கக்காரரையும் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வதுண்டு. தமிழ்ச் செய்திகளில் இது 'தீவிரவாதி' ஆகிவிட்டது. தீவிரம் வடசொல், கடுமை என்று பொருள். வாதி என்றால் ஒரு கொள்கையைப் பேசுபவர். சொல்லுக்குள் துப்பாக்கி கிடையாது. ஆனாலும் படிக்கிறவர் மனதில் தீர்ப்பே எழுதி முடிந்துவிடுகிறது.

ரகசியத் தாக்குதல் செய்திகளில் சண்டையே இந்தச் சொல்லைப் பற்றித்தான். 2011 மார்ச் 17 அன்று, பாகிஸ்தானின் தத்தா கேலில் அமெரிக்க ட்ரோன் தாக்கிச் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்கள் தீவிரவாதிகள் என்றார்கள், பெயர் வெளியிடாத அமெரிக்க அதிகாரிகள். குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடிய பஞ்சாயத்து அது, இறந்தவர்களில் பெரும்பாலோர் ஊர்ப் பெரியவர்கள் என்றது உள்ளூர்த் தரப்பு. அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: தாக்குதல் பகுதியில் சண்டையிடும் வயதில் இருக்கும் ஆண்கள் எல்லோரும், நிரபராதி என்று பின்னால் தெளிவான தகவல் வந்தாலொழிய, எதிரிக் கணக்கில்தான் சேர்க்கப்படுகிறார்கள். அப்படி இல்லை என்று 2016இல் அமெரிக்க அரசு மறுத்தது. போர்க்களங்களுக்கு வெளியே 2009 முதல் 2015 வரை நடத்திய தாக்குதல்களில் இறந்த பொதுமக்கள் 64 முதல் 116 பேர் என்றும் சொன்னது. லண்டனின் புலனாய்வு இதழியல் அமைப்பு போட்ட கணக்கோ 380 முதல் 801. யாரைப் பொதுமக்கள் என்று எண்ணினார்கள் என்று கேட்காமல் இந்த இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்கச் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. அங்கே போர் நடந்தபோது ஒரே குண்டுவீச்சை ஒரு தரப்பு 'பயங்கரவாதிகள் பலி' என்றும், மறு தரப்பு 'பொதுமக்கள் பலி' என்றும் சொல்லும். உறவினர் கடிதம் வரும்வரை எதையும் நம்ப முடியாது.

சரி, எப்படி எழுதலாம்? 'போராளி' ஒரு பக்கம் சாய்கிறது. இலங்கை ஏடுகளில் புழங்கும் 'ஆயுததாரி'யே எனக்குச் சரியாகப் படுகிறது. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'படைக்கலம் ஏந்தியவர்'. ஆயுதம் இருந்ததா இல்லையா என்று சரிபார்க்க இடம் தரும் சொற்கள் இவை. அதற்குச் சான்று இல்லாதபோது 'கொல்லப்பட்டவர்கள்' என்றே எழுத வேண்டும். அப்புறம், 'தீவிரவாதிகள் எனக் கூறப்படுகிறது' என்று நிறுத்துவதும் போதாது. கூறியது தாக்கியவரா, நேரில் போன நிருபரா, உடல்களை அடக்கம் செய்த ஊராரா என்பதும் அதே வரியில் வர வேண்டும்.