ஆர்.சி. கார்: நைட்ரோவா, எலக்ட்ரிக்கா?

நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டில் ஓட்டும்) பக்கி எனப்படும் கரடுமுரடான தரைக்கான கார்கள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்றில் நைட்ரோ எரிபொருளில் ஓடும் 3.5 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். இன்னொன்றில் பிரஷ்லெஸ் (தூரிகை இல்லாத) மின்மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும். வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'எது வேகம்?' என்றுதான். அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் ஆற்றலை எதில் சுமக்கிறோம், அதை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பதில்தான்.

நைட்ரோ எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். நைட்ரோமீத்தேன் 16 முதல் 30 சதவீதம் வரை இருக்கும், மீதி மசகு எண்ணெய். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நைட்ரோமீத்தேனில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் கால் பங்குதான். அப்புறம் எதற்கு அதைச் சேர்க்கிறார்கள்? அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். குட்டி சிலிண்டருக்குள் புகும் காற்று கொஞ்சம்தான். அதே காற்றுக்கு எட்டு மடங்கு எரிபொருளைத் திணிக்க முடிந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் கூடுதல் பலம் கிடைக்கத்தானே செய்யும்?

இந்த இன்ஜினில் தீப்பொறி கிடையாது. குளோ பிளக்கில் ஒரு பிளாட்டினக் கலவைக் கம்பிச்சுருள் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்க வைக்கிறோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் பட்டாலே வினை நடந்து சூடு பிறக்கும். அதுவும் எரிதலின் வெப்பமும் சேர்ந்து சுருளை அணையாமல் வைத்திருக்கும்.

எந்த நொடியில் பற்றவேண்டும் என்று கட்டளையிட இங்கே தனிக் கருவி இல்லை. பிளக்கின் சூடு, அழுத்தம், கலவை மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. அதனால்தான் கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியான நீடிலைக் கொஞ்சம் திருகினாலும் இன்ஜினின் குணமே மாறிவிடுகிறது. எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது என்பதால் மசகும் குறையும். இன்ஜின் உயிரை விடுவது பெரும்பாலும் இப்படித்தான். எண்ணெய் போதுமான அளவு வருகிறது என்பதற்கு அடையாளமாகப் புகைக்குழாயிலிருந்து மெல்லிய நீலப் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலைக் குளிரில் சரியாக வைத்த நீடில் மத்தியான வெயிலில் சரியாக இருக்காது, ஏனென்றால் சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு.

எலக்ட்ரிக்கில் இந்தத் தொல்லை ஏதும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசை கிடைக்கும், கிளட்ச் தேவையில்லை. 2000 கேவி (கிலோவோல்ட் அல்ல, வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) மோட்டாருக்கு 14.8 வோல்ட் கொடுத்தால், சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று. சென்சார் இல்லாத மோட்டாரில், சுழலி எங்கே இருக்கிறது என்பதை மின்னோட்டம் பாயாத சுருளில் எழும் எதிர்மின்னழுத்தத்தை வைத்து இ.எஸ்.சி. எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கண்டுபிடிக்கும். நிற்கும்போது அந்த அழுத்தமே எழாது. சில கார்கள் கிளம்பும்போது திக்கித் திணறுவது இதனால்தான்.

சரி, நைட்ரோ ஏன் இன்னும் பிழைத்திருக்கிறது? ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 20 மெகாஜூல் ஆற்றல். ஒரு கிலோ லிப்போவில் ஒரு மெகாஜூல்கூட இல்லை. இன்ஜின் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்தும் கணக்கு அதன் பக்கமே நிற்கிறது. உலகப் போட்டியில் நைட்ரோ பக்கி இறுதிச்சுற்று ஒரு மணி நேரம். 125 சிசி டேங்க்கைச் சில நொடிகளில் நிரப்பிவிட்டு மறுபடி ஓடலாம்.

ஆபத்து இரண்டிலும் உண்டு. லிப்போ செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவோ 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவோ கூடாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகவும் கூடாது. மெத்தனாலோ கள்ளச்சாராயச் சாவுகளில் நாம் கேள்விப்படும் அதே விஷம். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. ஈரத்தை உறிஞ்சி பேரிங்கைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

முதல் கார் என்றால் எலக்ட்ரிக்கே வாங்குங்கள் என்பேன். திருகிக்கொண்டே இருப்பதில் சுகம் காண்பவருக்குத்தான் நைட்ரோ. பழைய நைட்ரோ கார் மலிவாகக் கிடைத்தால், இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் ஏறியிறங்கும் உருளையான ஸ்லீவ் மேல்பக்கம் குறுகலாகச் செய்யப்பட்டிருப்பதால் பிஸ்டன் உச்சியில் இறுக வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்; புது பிஸ்டன், ஸ்லீவ் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.