குழித்தட்டு ஏன் அடிமூலையில் மட்டும் கிழிகிறது?

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி நாற்று வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குழித்தட்டு யாரிடம் வாங்கினாலும் குழியின் அடிமூலையில்தான் முதலில் விரிசல் விடுகிறது. மேல்விளிம்பு கெட்டியாகவே இருக்கிறது. ஒரே பிளாஸ்டிக்தானே, ஏன் இப்படி?"

பிளாஸ்டிக் ஒன்றுதான். தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வட்டார நாற்றங்கால்களில் புழங்கும் 98 குழி ட்ரேக்கள் பெரும்பாலும் ஹிப்ஸ் எனப்படும், ரப்பர் கலந்த பாலிஸ்டைரீன் ஷீட்டில் செய்தவை. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றுவதில்லை. சுமார் 0.8 மி.மீ. தடிமனுள்ள ஷீட்டை ஓரங்களில் கவ்விப் பிடித்து, அகச்சிவப்பு ஹீட்டரில் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி, குழிகள் கடைந்த அலுமினிய அச்சின் மேல் வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிறார்கள். ஆறியதும் எடுத்து, ஓரம் வெட்டி, வடிகால் துளை போட்டால் ட்ரே தயார். இதுதான் வேக்குவம் ஃபார்மிங்.

பாலிஸ்டைரீன் 100 டிகிரி அளவில் விறைப்பை இழக்கிறது. ஆனால் உடனே திரவமாகிவிடுவதில்லை. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால், இழுத்தால் ரப்பரைப் போல நீள்கிறது. நீண்ட நிலையிலேயே குளிர்ந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. பழைய ட்ரேயின் துண்டு ஒன்றை மீண்டும் அதே அளவு சூடாக்கினால் குழிகள் சுருங்கி, ஏறக்குறைய தட்டையான ஷீட்டாகத் திரும்பும். ட்ரே என்பது இழுத்த நிலையில் உறையவைத்த ரப்பர்.

வாசகரின் கேள்விக்கு விடை இந்த உறைதலில்தான் இருக்கிறது. ஒரு குழியை எடுத்துக்கொள்வோம்: மேல்வாய் 36 மி.மீ. சதுரம், அடி 20 மி.மீ. சதுரம், ஆழம் 40 மி.மீ. வாயை மூடியிருக்கும் ஷீட்டின் பரப்பு சுமார் 13 சதுர செ.மீ. குழியின் நான்கு சுவர்களும் அடியும் சேர்ந்தால் ஏறத்தாழ 50 சதுர செ.மீ. அதே பிளாஸ்டிக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு பரப்பை மூட வேண்டும். ஆகவே சராசரித் தடிமன் 0.2 மி.மீ.க்கு இறங்குகிறது. எல்லா இடத்திலும் இந்த 0.2 இருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி இருப்பதில்லை.

அச்சு 50, 60 டிகிரியில்தான் இருக்கும். சூடான ஷீட் அதன் எந்த இடத்தைத் தொடுகிறதோ, அந்த இடம் அக்கணமே குளிர்ந்து, மேற்கொண்டு நீள மறுத்துவிடும். முதலில் தொடுவது குழியின் வாய்விளிம்பு, அங்கே 0.8 மி.மீ. அநேகமாக அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு சுவரின் மேற்பகுதி தொட்டு உறைகிறது. இன்னும் தொடாத பகுதி மட்டுமே மீதியுள்ள ஆழத்துக்கு நீள வேண்டும். அதிலும் ஒரு பகுதி தொட்டு உறைய, எஞ்சியது மேலும் மெலிகிறது. சுவர், அடியின் நடுப்பகுதி எல்லாம் தொட்டு முடிந்தபின் கடைசியாக மிஞ்சுவது நான்கு அடிமூலைகள். அதற்குள் கையிருப்புப் பிளாஸ்டிக் தீர்ந்துபோயிருக்கும். மூலைகளில் 0.1 மி.மீ.கூடத் தேறாமல் போவது இதனால்தான்.

தடிமன் பாதியானால் வளைவைத் தாங்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். போதாததற்கு, நாற்றைப் பிடுங்க நாம் அழுத்துவதும் அந்த அடியைத்தான். வெயிலின் புறஊதாக் கதிர் ஹிப்ஸில் உள்ள ரப்பரை மேற்பரப்பிலிருந்து சிதைத்துக்கொண்டே போகும். கனமான விளிம்புக்கு அது மேல்தோல் சேதம், மெல்லிய மூலைக்கோ முழுத் தடிமனும் நொறுங்கும் நிலை. காலி ட்ரேக்களை நிழலில் அடுக்குவது வீண்வேலை அல்ல.

ஷீட்டை 1 மி.மீ. ஆக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூலை 25 விழுக்காடுதான் தடிக்கும். கூடுதல் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கு தேவையே இல்லாத விளிம்பில் போய் உட்காரும். சரியான வழி பிளக். குழியை விடச் சற்றுச் சிறிய கட்டை ஒன்று, காற்றை உறிஞ்சும் முன், ஷீட்டைக் குழி ஆழத்தில் முக்கால் பங்குக்கு மேல் உள்ளே தள்ளுகிறது. பிளக்கின் அடியில் பட்ட பகுதி சற்றே குளிர்ந்து நீளாமல் காப்பாற்றப்படுகிறது; அதுவே பின்னர் குழியின் அடிக்கும் மூலைக்கும் போய்ச் சேர்கிறது. எந்த உறைதல் மூலையை மெலியவைத்ததோ, அதையே வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிகழவைக்கும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. பிளக் உலோகமாக இருந்தால் அதிகம் குளிர்த்து, அடியில் தடித்த தழும்பு விழும். அதனால் மரம், நைலான், வெப்பம் கடத்தாத நுரைப் பொருள் ஆகியவற்றில் செய்கிறார்கள்.

அச்சில் காற்றுத் துளைகளையும் மூலைகளில்தான் போட வேண்டும். காற்று கடைசியாகச் சிக்குவது அங்கேதான். 0.5 முதல் 0.8 மி.மீ. விட்டம் போதும். பெரிதானால் ஷீட் துளைக்குள் புகுந்து முளைவிடும்.

ஓசூரில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பம்ப் ஷீட்டை இழுப்பதில்லை. உள்ளே காற்றை எடுத்ததும் வெளிக்காற்று ஷீட்டை அழுத்துகிறது, அவ்வளவுதான். 54 × 27 செ.மீ. ட்ரே மீது அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் ஒன்றரை டன். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே பத்தில் ஒரு பங்கு குறைவு. வேக்குவம் கேஜ் முள் 680 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாது, தாழ்வில் இருக்கும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் 715 வாக்கில் நிற்கும். கடல்மட்ட அளவான 760 காட்டவில்லை என்று நல்ல பம்ப்பைக் கழற்றிப் போட வேண்டாம். மார்கழிக் காலையில் முதல் சில ட்ரேக்கள் மூலை மெலிந்து வந்தால் பம்ப்பைக் குறை சொல்வதும் தவறு. அச்சு இன்னும் சூடேறவில்லை என்பதே காரணம். அவற்றை விற்பனைக்கு அனுப்பக்கூடாது.

ட்ரே வாங்கும்போது எடையையும் குழி எண்ணிக்கையையும் மட்டும் கேட்பது போதாது. மானியத்தில் வழங்கப்படும் ட்ரேக்களுக்கு அடிமூலையின் குறைந்தபட்சத் தடிமனையும் விதியாக எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளப்பது எளிது: மாதிரி ட்ரேயில் நடுக்குழி ஒன்றையும் ஓரக்குழி ஒன்றையும் கத்தரித்து, சுவரின் நடுவிலும் அடிமூலையிலும் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியை வைத்துப் பாருங்கள். மூலை, சுவரில் பாதிக்கும் கீழே இருந்தால் அந்த ட்ரேயை வாங்காதீர்கள்.