எண்ணூர் இறாலும் ஒரே நாள் மழையும்

எண்ணூர் ஆற்றங்கரையில் காலை ஆறு மணிக்கு நின்றால், அப்போதுதான் பிடித்த இறால் கூடையோடு கரையேறும். மழைக்காலம் முடிந்த ஒரு தை மாதம் அப்படிப் போய் வாங்கியபோது ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஓடு ஈரக் காகிதம் மாதிரி மடங்கியது. விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "நாலு மழையா பிரிஞ்சு வந்திருந்தா தேறியிருக்கும் தம்பி. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுச்சு. தண்ணி இனிச்சுப்போச்சு, இறாலு இன்னா பண்ணும்?" என்றார்.

இறால் என்ன செய்யும் என்பதை நானும் அதன் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன்.

நாம் சாப்பிடும் வெள்ளை இறால் ஆற்றில் பிறப்பதில்லை. தாய் கடலில் முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அது பல உருவம் மாறி, இரண்டு மூன்று வாரத்தில் ஓதம் ஏறும்போது, அதாவது கடல்நீர் உயர்ந்து ஆற்றுக்குள் புகும்போது, அந்த நீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்துவிடும். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சந்திக்கும் இந்தச் சேற்றுநீரில் தீனி அதிகம், விழுங்க வரும் பெரிய மீன் குறைவு. மூன்று நான்கு மாதம் இங்கே வளர்ந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விடும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. இறாலின் உடல்நீரில் இருப்பது அதில் சுமார் முக்கால் பங்கு. வெளியே இருக்கும் நீரில் உப்பு இதைவிடக் குறைந்தால், நீர் செவுள் வழியாக உடம்புக்குள் புகப் பார்க்கும், உள்ளிருக்கும் உப்பு வெளியே கசியப் பார்க்கும். உப்பைத் திரும்ப உள்ளே இழுக்கச் செவுளில் தனியாகச் செல்கள் இருக்கின்றன. ராத்திரி பகலாக ஓடும் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்குச் செலவாகும் சக்தி எல்லாம் வளர்ச்சிக்குப் போக வேண்டிய சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் இறால் தன்னைப் பழக்கிக்கொள்ளும். மழைக்காலத்து ஆற்றில் வளர அதற்குத் தெரியும், பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் அது. ஒரே ராத்திரியில் குறைந்தால்தான் திணறும்.

சட்டை உரிக்கும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். இறால் வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் நீரை உறிஞ்சி உடம்பை உப்ப வைத்து, அந்த அளவுக்குப் புது ஓட்டை இறுக்கிக்கொள்ளும். அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், பெரும்பகுதி வெளிநீரிலிருந்தே வர வேண்டும். கடல்நீரில் அது தாராளம், மழைநீரில் அரிது. அன்று என் கையில் மடங்கிய ஓடும் அப்படி ஆனதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது? காற்று 1 டிகிரி சூடானால், அதில் தங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். சூடான வங்கக் கடலுக்கு மேல் இருக்கும் காற்று அப்படி நிறையத் தூக்கி வைத்துக்கொள்கிறது, சமயம் வாய்த்தால் மொத்தமாக இறக்குகிறது. ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பரவி விழ வேண்டியதில் பெரும்பங்கு இரண்டு நாளில் விழுந்துவிடுவதுண்டு. சென்னையின் ஆண்டு மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் குறை தெரியாது. உயிர்களுக்கு அந்தக் கணக்கு உதவாது, அவற்றுக்கு மாற்றம் வரும் வேகம்தான் முக்கியம். காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது இதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

கோடை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். வெள்ளம் இல்லாத ஆண்டில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். அதைத் தள்ளித் திறக்க ஆற்றுக்கு வேகம் இருக்காது. ஓதம் உள்ளே வராவிட்டால் குஞ்சும் வராது. உள்ளே தேங்கிய நீர் வெயிலில் வற்றி, கடலைவிடவும் கரிக்க ஆரம்பிக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. நல்ல தண்ணீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். உப்புநீரில் அதைவிடவும் குறைவு. அதே சூட்டில் இறாலுக்கும் மீனுக்கும் மூச்சுத் தேவை கூடுகிறது. அனல்மின் நிலையங்களிலிருந்து ஆற்றில் கலந்த வெந்நீரும் இதோடு சேர்ந்துகொண்டது.

இந்த உப்பு விளையாட்டைச் செடி எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க, கரையோர உப்புச் சேற்றில் வளரும் வெண்கண்டல் மரத்தின் இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் இலைமேல் உப்புப் பொடி மினுங்கும். வேர் வடிகட்டியது போக உள்ளே நுழைந்துவிட்ட உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே துப்புகின்றன. காற்றில்லாத சேற்றில் வேர் மூச்சுவிட, பென்சில் நட்டு வைத்த மாதிரி நூற்றுக்கணக்கான மூச்சுவேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அவற்றின் தோலில் இருக்கும் நுண்துளைகள்தான் மரத்துக்கு மூக்கு.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்குப் பக்கத்திலேயே மெதுவாக நகர்ந்து கொட்டித் தீர்த்தபோது, அந்த மூக்கை அடைத்தது எண்ணெய். தொழிற்சாலைகள் நிறைந்த மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்து, கால்வாய் வழியாக எண்ணூர் ஆற்றில் பரவியது. வெள்ளம் வடிந்ததும் மூச்சுவேர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கறுப்புப் பிசின். கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப்போய் நின்ற காட்சியை மறக்க முடியவில்லை. பறவை இறகின் இழைகள் சின்னக் கொக்கிகளால் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நீரை வெளியே நிறுத்துகின்றன. எண்ணெய் பட்டால் பூட்டு விட்டுப்போகும். தண்ணீர் தோல்வரை இறங்கும், உடம்புச் சூடு போகும். அலகால் இறகைக் கோதிச் சரிசெய்யப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். எண்ணெயை வானம் கொண்டுவரவில்லை, நாம் வைத்திருந்தது அது. ஆனால் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வர ஒரு பேய்மழை தேவைப்பட்டது. மழை இனி இப்படித்தான் வரும் என்றால், கரையோரம் எதை வைத்திருக்கிறோம் என்பதையும் அதற்கேற்ற கவனத்தோடு பார்க்க வேண்டும்.

கடல் மட்டம் ஏறினால் கண்டல் மரம் நடக்கும். ஆமாம், அதன் விதை மரத்திலேயே முளைவிடத் தொடங்கி, விழுந்து, மிதந்து, மேடான சேற்றில் வேர் பிடிக்கும். தலைமுறை தலைமுறையாகக் காடே உள்பக்கம் நகரும். எண்ணூரில் உள்பக்கம் சாலையும் அனல்மின் நிலையச் சாம்பல் குளமும் நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பட்டைகளும் இருக்கின்றன. நடக்க இடமில்லை.

அப்புறம் இதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், வந்தேறிக்குத்தான். தென் அமெரிக்கக் கரையோரச் சிப்பி வகை ஒன்று, கப்பல்களோடு வந்து சேர்ந்ததாகக் கருதப்படுவது, எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவிவிட்டது. மீனவர்கள் வைத்த பெயர் காக்கா ஆழி. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் பெரிதாக அசைந்துகொடுக்காது. அதனால்தான் மற்றவை தடுமாறும் இடத்தில் அது கொத்துக் கொத்தாகப் பெருகி, சேற்றின்மேல் பாய் விரித்த மாதிரி மூடிவிடுகிறது. இறால் பகலில் புதைந்து ஒளிவதும், ஓடு கழற்றிய மென்மையான நேரத்தில் பதுங்குவதும் அந்தச் சேற்றில்தான். மட்டி வாழ்வதும் அங்கேதான்.

இடுப்பளவு நீரில் குனிந்து, பனையோலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். இறால் கிடக்கும் இடத்தை அவர்கள் கண்டுபிடிப்பது விரல் நுனியால். காக்கா ஆழி மூடிய இடத்தில் அந்த விரலில் படுவது கூரான ஓடு.