பகலில் ஓடும் ஜாப் இரவில் ஏன் விழுகிறது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருக்கும் வாசகர் கேட்கிறார்: "எஸ்எஸ்ஐஎஸ் பேக்கேஜை என் கணினியில் ஓட்டினால் ஒழுங்காக முடிகிறது. இரவு 2 மணிக்கு ஜாப்பாக வைத்தால் 'லாகின் ஃபெயில்டு' என்கிறது. பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லையே?"

எஸ்எஸ்ஐஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரோடு வரும், டேட்டாவை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் சேர்க்கும் கருவி. அதில் செய்துவைக்கும் வேலைத் தொகுப்புதான் பேக்கேஜ், அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட வைப்பது ஜாப். மாறியது பாஸ்வேர்டு அல்ல, ஓட்டும் ஆள். பகலில் அது உங்கள் பெயரில் ஓடுகிறது. இரவில், வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ஜாப்களை ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்டின் சர்வீஸ் கணக்கில் ஓடுகிறது. சரி, ஆள் மாறினால் பாஸ்வேர்டு ஏன் தப்பாக வேண்டும்? எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

பேக்கேஜைச் சேமிக்கும்போது அதிலுள்ள பாஸ்வேர்டுகள் உங்கள் யூசர் கீயால், அதாவது உங்கள் கணக்குக்கே உரிய சாவியால், பூட்டப்படுகின்றன. டீஃபால்ட் அமைப்பே அதுதான். பூட்டுவது விண்டோஸில் ரகசியங்களைக் காக்கும் டிபிஏபிஐ என்ற வசதி. உங்கள் புரொஃபைலுக்குள் ஒரு மாஸ்டர் கீ கிடக்கிறது. அந்த மாஸ்டர் கீயும் சும்மா கிடப்பதில்லை, நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கும் இன்னொரு கீயால் பூட்டியிருக்கிறது. எஸ்எஸ்ஐஎஸ் இந்தக் கீ எதையும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. "இதைப் பூட்டு", "இதைத் திற" என்று விண்டோஸிடம் கேட்பதோடு சரி.

ஏஜென்ட் வந்து கேட்டால் விண்டோஸ் திறக்காது. ஆனால் பேக்கேஜ் அங்கேயே நின்றுவிடுவதில்லை. ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, பாஸ்வேர்டு இருந்த இடத்தை வெறுமையாக்கிக்கொண்டு மேலே போகிறது. வெற்றுப் பாஸ்வேர்டோடு டேட்டாபேஸின் கதவைத் தட்டினால் 'லாகின் ஃபெயில்டு' என்றுதானே வரும்!

பாஸ்வேர்டைப் பேக்கேஜில் சேமிக்காதீர்கள். சர்வரிலேயே பேக்கேஜ்களை வைத்திருக்கும், 2012 பதிப்பிலிருந்து உள்ள எஸ்எஸ்ஐஎஸ் கேட்டலாகில் ஏற்றினால் சர்வர் அதைத் தன் சொந்தக் கீயால் பூட்டிக்கொள்ளும், ஓட்ட உரிமை உள்ள யார் ஓட்டினாலும் திறக்கும். அப்புறம், ஜாப்புக்கென்று தனியாக ஒரு விண்டோஸ் கணக்கு, அதை வைத்து ஒரு கிரெடென்ஷியல் (அந்தக் கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும் சர்வரில் சேமித்தது), அதன்மேல் ஒரு ப்ராக்ஸி (ஏஜென்ட் அந்தக் கணக்கின் பெயரில் ஓட்ட வழி). அந்தக் கணக்குக்கு ஃபோல்டரைப் படிக்கவும் தேவையான டேபிளில் எழுதவும் உரிமை இருந்தால் போதும். எக்ஸெல் கோப்பை இசட் டிரைவிலிருந்து எடுக்கிறீர்களா? அந்த டிரைவ் உங்கள் லாகினோடு மட்டும் வருவது. சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

பல இடங்களில் இதையெல்லாம் செய்யாமல் ஏஜென்ட் கணக்கை அட்மினாக்கிவிடுகிறார்கள். சர்வர் அறையில் எலுமிச்சம்பழம் வைப்பவர்களைக் கேலி செய்ய இவர்களுக்கு என்ன தகுதி? பழத்தால் ஆபத்தாவது இல்லை. அட்மின் ஆக்கினாலும் உங்கள் மாஸ்டர் கீ அந்தக் கணக்குக்குத் திறக்கப்போவதில்லை, ஜாப் விழத்தான் செய்யும்.

முதலில் ஜாப் ஹிஸ்டரியைத் திறந்து, விழுந்த ஸ்டெப்பின் செய்தியைப் பாருங்கள். 'எக்ஸிக்யூட்டட் ஆஸ் யூசர்' என்று தொடங்கி, எந்தக் கணக்கில் ஓடியது என்பதை அதுவே சொல்லும்.